பயந்த நாயைத் தற்காலிகமாக வளர்த்து நிரந்தர வீட்டில் சேர்ப்பது எப்படி: பாலக்காட்டு எல்லைப் பகுதியினருக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் மதகடியில், பின்னங்காலில் காயத்தோடு ஒடுங்கிக் கிடந்த பெண் நாய் ஒன்றைச் சென்ற ஜூன் மாத மழையில் எடுத்துவந்தோம். செம்பட்டை நிறம் என்பதால் செம்பி என்று பெயர் வைத்தோம். பத்தொன்பதாம் நாள் கோயம்புத்தூரில் ஒரு நல்ல குடும்பத்திடம் அதை ஒப்படைத்தேன். இரண்டாம் நாள் காலையில், கேட் திறந்த நொடியில் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. நான்கு இரவுகள் தேடித்தான் திரும்பப் பிடித்தோம். அதன்பின் அது எங்களிடம் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. தவறு அந்தக் குடும்பத்தினுடையது அல்ல. நாய் தயாராகும் முன்பே நாளைக் குறித்த என்னுடையது. அந்த நான்கு இரவுகள் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. அந்த நாய்க்கு வீடு தேவையா என்று முதலில் பாருங்கள்

மனிதரைக் கண்டு விலகி ஓடும் தெருநாயெல்லாம் துன்பத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டாம். தெரிந்த தெருவில், தன் கூட்டத்தோடு, யாரோ நாள்தோறும் வைக்கும் சோற்றை உண்டு நலமாக வாழும் நாயைப் பிடித்து அறையில் அடைத்தால் அதற்குக் கேடுதான். அதற்கு வேண்டியது கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் மட்டுமே. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், அறுவைக்குப் பின் அத்தகைய நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. காதின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள்.

காயம்பட்ட நாய், மற்ற நாய்கள் ஓட்டிவிட்ட நாய், வீட்டில் வளர்ந்து வழியில் இறக்கிவிடப்பட்ட நாய் ஆகியவற்றுக்கே வீடு தேவை. கழுத்தில் மயிர் தேய்ந்த தடம் இருந்தால் அது ஒருகாலத்தில் பட்டை கட்டியிருந்த நாய். ஆகவே எடுத்துவந்த மறுநாளே பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் நாயின் படத்தைக் காட்டி, யாருடையது என்று விசாரியுங்கள். காணாமல் தேடிக்கொண்டிருக்கும் உரிமையாளர் பக்கத்து ஊரிலேயே இருக்கக்கூடும்.

2. நாய் வருவதற்கு முன் உங்களையும் வீட்டையும் தயார் செய்யுங்கள்

பயந்த நாய் கடிப்பது கோபத்தால் அல்ல. ஓட வழியில்லாதபோதுதான் பெரும்பாலும் கடிக்கும். அப்படிக் கடிபடும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு என்பதால், நாயைக் கையாளப்போகிறவர்கள் முன்னெச்சரிக்கையாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசிகள். அவற்றை முடித்தவரைப் பின்னர் நாய் கடித்தால் அன்றும் மூன்றாம் நாளும் ஆக இரண்டு ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் (உடனடிக் காவல் தரும் எதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படாது.

முன்பு ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், கடியோ கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். முன்பு ஊசி போடாதவருக்கு இரத்தம் வந்திருந்தால் ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு, நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். “எங்கள் வீட்டு நாய்தானே” என்று தள்ளிப்போடவே கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். வீட்டில் வேறு நாய் இருந்தால், புதிய நாயை இரண்டு வாரம் தனி அறையில், தனிப் பாத்திரத்தோடு வைக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த அறையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியையோ துணி போர்த்திய கூண்டையோ சுவரோரம் வையுங்கள். நாய் ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்தால்தான் வெளியே வரும் துணிவும் அதற்கு வரும்.

3. முதல் இரண்டு நாட்களுக்குள் கால்நடை மருத்துவர்

அரசு மிருக ஆசுபத்திரியில் காலை நேரத்துக்குள் சென்றுவிடுங்கள். நாய் பயந்தது என்பதை முன்கூட்டியே சொல்லி, கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால் எல்லோருக்கும் எளிது. எடை, பல்லைப் பார்த்து வயது, தோல், காயம் ஆகியவற்றோடு இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். எங்கள் பக்கத்து நாய்களில் உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, சோறு உண்ணாமல் மூலையில் கிடக்கும் நாயைப் பார்த்துப் பயத்தால் அப்படி இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வோம். செம்பிக்கும் அதுதான் நடந்தது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்று தெரிந்து 28 நாட்கள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தபின் பாதிப் பயம் தானாகவே போனது. வெறும் வயிற்றில் கொடுத்தால் அந்த மாத்திரை வாந்தியைத் தரும். வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனுக்குள் வைத்துக் கொடுத்தோம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்கிறேன். வெறிநோயின் ஒரு வகையில் நாய் சீறாது. இருட்டில் ஒடுங்கும், உண்ணாது, தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் திணறும். எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்த்துவிடாதீர்கள். இந்த அறிகுறிகள் தெரிந்தால் அறையைப் பூட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். நோய் உடலுக்குள் வந்து வாரங்களோ மாதங்களோ கழித்தும் வெளிப்படலாம். ஏற்கெனவே தொற்றிய நாய்க்கு இப்போது போடும் தடுப்பூசி காவல் ஆகாது.

வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலையோ இப்யூபுரூபனையோ கொடுக்காதீர்கள்; இரண்டும் நாய்க்கு நஞ்சாகலாம்.

4. முதல் இரண்டு வாரம் நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத்தான் நான் தவறவிட்டேன். அன்பு காட்டினால் பயம் போய்விடும் என்று நினைத்து, பெட்டிக்குள் கையை நீட்டித் தடவினேன். உறவினர்களை அழைத்துவந்து காட்டினேன். மூன்றாம் நாளே குளிப்பாட்டினேன். நாய் அசையாமல் நின்றதைக் கண்டு பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். அது பழகவில்லை, உறைந்துபோய் நின்றது. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொள்வது, கண்ணின் வெண்மை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, வெறுமனே உதட்டை நக்குவது, உடல் விறைத்து நிற்பது ஆகிய எல்லாமே “போதும், விலகு” என்று அது சொல்லும் மொழி. இவற்றைப் படிக்கத் தெரியாமல்தான் பெரும்பாலானோர் கடிபடுகிறார்கள்.

செய்ய வேண்டியது மிக எளிது, பொறுமைதான் கடினம். நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவை வைத்துவிட்டு, அறையின் எதிர்மூலையில், நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அதன் கண்ணைப் பார்க்காதீர்கள். செய்தித்தாளைத் தாழ்ந்த குரலில் வாசியுங்கள். உங்கள் குரல் ஆபத்தில்லாதது என்று அதற்குப் பதியட்டும். இடையிடையே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அதன் பக்கம் எறியுங்கள். உங்களை நோக்கி வந்தால்தான் தீனி என்று ஆசைகாட்டி இழுக்க வேண்டாம். பசியால் அருகில் வந்து, வந்தபின் பயந்து நிற்கும் நாய் அடுத்த முறை இன்னும் தள்ளி நிற்கும். தானாக வந்து உங்களை முகர்ந்தால் கையைத் தூக்காமல் இருங்கள். தொடும் நாள் வந்தபின்னும் தலைக்கு மேலாகக் கை கொண்டுபோகாமல், தாடைக்குக் கீழே மூன்று நொடி வருடிவிட்டு நிறுத்துங்கள். மேலும் வேண்டுமென்றால் அதுவே சாய்ந்து நிற்கும்.

மூன்று நாளில் மூச்சு வாங்கும், மூன்று வாரத்தில் நேரம் பழகும், மூன்று மாதத்தில் வீடு என்று உணரும் என்பது நாய்களை மீட்பவர்களிடம் வழங்கும் தோராயக் கணக்கு. பயந்த நாய்க்கு இதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். செம்பி என் கையிலிருந்து தீனி வாங்கியது, திரும்பி வந்த பிறகு நாற்பத்தோராம் நாள்.

உணவில் சோறும் கோழியும் மீனும் முட்டையும் பூசணியும் போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

சொற்களைத் தேர்ந்து பழக்குங்கள். நம் பகுதியில் நாயைத் தத்தெடுப்பவர் தமிழரா மலையாளியா என்பது முன்கூட்டித் தெரியாது. “வா”, “போ” இரண்டும் இரு மொழிக்கும் பொது என்பதால் அவற்றையே பழக்கினேன். பின்னால் மிகவும் உதவியது.

5. வாசலும் கழுத்துப்பட்டையும்

பயந்த நாயை இழப்பது பெரும்பாலும் வாசலில்தான். கழுத்துப்பட்டை மட்டும் போட்டால், அது பின்னோக்கி இழுக்கும்போது தலை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையும் கழுத்துப்பட்டையும் சேர்த்து, இரண்டிலும் கயிறு பூட்டுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் தைக்கப்பட்டிருக்கட்டும். அறைக் கதவு, வீட்டுக் கதவு, கேட் என்று மூன்றில் இரண்டு எப்போதும் மூடியிருக்க வேண்டும்; வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கத்தாதீர்கள், ஊரைத் திரட்டாதீர்கள். கடைசியாகக் கண்ட இடத்தில் நீங்கள் உடுத்திய துணியையும் மணமுள்ள உணவையும் வைத்துவிட்டு, அந்தியிலும் விடியலுக்கு முன்பும் அமைதியாகப் போய் உட்காருங்கள். பகலில் படத்தோடு துண்டறிக்கை கொடுக்கும்போது “பிடிக்க வேண்டாம், கண்டால் அழையுங்கள்” என்று பெரிதாக அச்சிடுங்கள். செம்பியைக் கண்டுபிடித்தது அந்த வரிதான். ஒரு பால்காரர் துரத்தாமல் நின்று எங்களை அழைத்தார். தோப்புப் பக்கம் ஓடியிருந்தால் காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியும் மின்வேலியும் இருக்கக்கூடும் என்பதால், தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டே உள்ளே செல்லுங்கள்.

6. தடுப்பூசி, கருத்தடை, உரிமம்

முன்வரலாறு தெரியாத வளர்ந்த நாய்க்கு, உடல் தேறியதும் பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும், மூன்று நான்கு வாரம் கழித்து அதன் இரண்டாம் தவணையும் போடுவார்கள். வெறிநோய் ஊசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஊசி போட்டதும் தேதி, மருந்தின் பெயர், தொகுப்பு எண், மருத்துவரின் கையொப்பம், முத்திரை எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். முத்திரை இல்லாத ஒரு பக்கத்துக்காக நான் மறுபடியும் ஒரு நாள் அலைந்தேன்.

கேரளத்தில் வளர்ப்பு நாய்க்குப் பஞ்சாயத்து அல்லது நகராட்சியின் உரிமம் வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ், ஆதார் நகல், நாயின் படம் ஆகியவற்றோடு அக்ஷயா மையத்துக்கு (கேரள அரசின் இணையச் சேவை மையம்) சென்றால் விண்ணப்பத்தைச் செய்து தருவார்கள். தற்காலிக வளர்ப்புதானே என்று விட்டுவிட வேண்டாம்; நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது ஊசிச் சான்றிதழும் உரிமமும்தான்.

கருத்தடையை உங்கள் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். “புதியவர்கள் செய்துகொள்வார்கள்” என்று விட்டால் பல நேரம் நடக்காது; நடந்தாலும், அந்த வலியும் கூம்புப் பட்டையும் புதிய வீட்டின் முதல் நினைவாக நாயிடம் நின்றுவிடும். தையல் ஆற பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் என்றால், அறுவைக்கு முன் தட்டணு எண்ணிக்கையை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். ஆறு மாதத்தில் மருத்துவக் கட்டணமும் இரத்தப் பரிசோதனைகளும் 4,800 ரூபாய், தடுப்பூசிகள் 2,100, உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் 1,900, தனியார் மருத்துவமனையில் கருத்தடை 6,500, உணவு 12,000, பட்டை, கயிறு, கூண்டு 3,900, போக்குவரத்து 1,800 என மொத்தம் 33,000 ரூபாய் ஆனது. கூண்டை இரவல் வாங்கி, ஊசிகளை அரசு ஆசுபத்திரியில் போட்டிருந்தால் கணிசமாகக் குறைந்திருக்கும்.

7. வெடிக் காலத்தில் எதையும் மாற்றாதீர்கள்

தீபாவளி, விஷு, கும்பம் (மாசி) தொடங்கி மேடம் (சித்திரை) வரை நீளும் வேலை, பூரம் என்னும் கோயில் திருவிழாக் காலம் ஆகியவை பாலக்காட்டுப் பக்கம் நாய்களுக்குக் கொடுமையான நாட்கள். ஏப்ரல் தொடக்கத்தில் நென்மாறை வல்லங்கி வேலையின் வெடிச் சத்தம் பல மைல் தள்ளிக் கேட்கும். இந்த நாட்களில் நாயைப் புதிய வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம், வெளியே நடத்திச் செல்லவும் வேண்டாம். மாலைக்கு முன்பே உணவும் கழிப்பும் முடித்து, சன்னல் மூடிய உள்ளறையில், மின்விசிறியும் வானொலியும் ஓட, நீங்களும் உடன் இருங்கள். அது வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள்; தடவினால் பயம் கூடிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

8. வீடு தேடுதல்

நாய் தானாக வாசல்வரை வந்து உங்களை வரவேற்று, இரண்டு கயிற்றோடு தெருவில் பத்து நிமிடம் நடந்து, அறிமுகமில்லாத ஒருவர் அறையில் இருக்கும்போதும் உணவு உண்கிறதா என்று பாருங்கள். மூன்றும் நடக்கும்வரை விளம்பரம் செய்யாதீர்கள்.

விளம்பரத்தில் உண்மையை எழுதுங்கள். “அன்பான, துறுதுறுப்பான நாய்” என்று நான் முதலில் எழுதியது பொய். அது செம்பிக்குப் பொருந்தாத வீட்டை வரவழைத்தது. “புதியவர்களிடம் பயப்படும், பழக மாதக்கணக்கில் ஆகும், அமைதியான வீடு வேண்டும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தது” என்று எழுதியபோது அழைப்புகள் மூன்றே வந்தன. அந்த மூன்றில் ஒன்றுதான் செம்பியின் வீடு. உங்கள் முகவரியைப் பொதுவில் போடாதீர்கள். நாயைப் பார்க்காமலே அனுப்பச் சொல்பவர்களை, வண்டிச் செலவு என்று முன்பணம் கேட்பவர்களை ஒதுக்கிவிடுங்கள்.

நம் பகுதியில் அதிகம் வரும் கேள்வி, “தோப்புக் காவலுக்கு ஆகுமா?” என்பது. பணிவாக மறுத்துவிடுங்கள். ஆளில்லாத தென்னந்தோப்பில் சங்கிலியில் கிடக்கும் பயந்த நாய் காவலும் காக்காது, பயமும் தெளியாது.

வருபவரிடம் வீடு சொந்தமா வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பகலில் யார் இருப்பார்கள், வெளியூர் சென்றால் யாரிடம் விடுவார்கள், முன்பு வளர்த்த நாய் எப்படி இறந்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு அதிகம் சொல்லியது. அவர்கள் உங்கள் வீட்டுக்குக் குறைந்தது மூன்று முறை வந்து நாயோடு உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். பிறகு நீங்கள் அவர்கள் வீட்டுக்குச் சென்று மதில் உயரத்தையும் கேட்டின் கீழ் இடைவெளியையும் பாருங்கள். வீட்டில் எல்லோரும் சம்மதித்தார்களா என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள்.

9. ஒப்படைக்கும் நாள்

எளிய ஒப்பந்தம் ஒன்றை இரண்டு படிகள் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நாயின் அடையாளம், இருவரின் பெயர், முகவரி, ஆதார் நகல், ஊசித் தேதிகள் ஆகியவற்றோடு, வளர்க்க முடியாமல் போனால் நாயை உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதில் எழுதலாம். இத்துடன் ஊசிப் புத்தகம், கருத்தடைச் சான்று, இரத்தப் பரிசோதனை முடிவுகள், அது உண்ணும் நேரம், பயப்படும் பொருள்கள், தெரிந்த சொற்கள் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொடுங்கள். அந்தத் தாளை அவர்கள் வாசிக்கும் மொழியில் எழுதுங்கள். செம்பி துடைப்பத்தைக் கண்டால் நடுங்கும் என்ற ஒரு வரி அந்த வீட்டில் மிகவும் உதவியது.

வாளையாறு, கோபாலபுரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குச் செல்வதாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் கொண்டுசெல்ல அந்தச் சான்றோடு பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பயந்த நாய்க்குக் கூண்டு வைத்த காரே நல்லது. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பிருந்து உணவு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். போய்ச் சேர்ந்ததும், எல்லாக் கதவுகளும் மூடிய அறைக்குள் சென்ற பிறகே கூண்டைத் திறவுங்கள். அது உறங்கிய பழைய துணியைத் துவைக்காமல் உடன் அனுப்புங்கள்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். மற்ற ஊர்களில் புதியவர் தம் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, தம் பெயரில் பதிந்துகொள்ளட்டும்.

10. அதன் பிறகு

மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என்று அழைத்துப் பேசுங்கள். முதல் வாரத்தில் நாய் உண்ணவில்லை, ஒளிந்தே இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்று தேதியோடு சொல்லுங்கள். அதற்காகவே ஒரு நோட்டில் நாள்தோறும் இரண்டு வரி எழுதிவைப்பது பயன்படும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் உடனே போகச் சொல்லுங்கள். முதல் மாதம் நீங்கள் நேரில் போகாதீர்கள். உங்களைக் கண்டால் அது மறுபடியும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

திரும்பி வர நேர்ந்தால் எடுத்துக்கொள்ள ஓர் அறையை மூன்று மாதம் காலியாக வைத்திருங்கள். அதுவரை அடுத்த நாயை ஏற்காதீர்கள். மூன்றாம் மாதம் புதியவரின் பெயரில் உரிமம் வந்ததும், நாய் இப்போது யாரிடம் இருக்கிறது என்று உங்கள் பஞ்சாயத்தில் எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை ஒப்பந்தப் படியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.